சத்தம் போடாத ஐஸ் மெசின்

நவம்பர் 4, திங்கள்

இந்தக் கொப்பியை வாங்கித் தந்தவர் டக். எல்க்பிறிட்ஜ் என்ற இந்தச் சின்ன ஊரின் ஐஸ் அரீனாவுக்கு அவர்தான் மனேஜர். ஹொக்கி விளையாடிக் கீறிப்போட்ட ஐஸ் தளத்தைச் சீவி, மேலே சுடுதண்ணீர் பூசி, திரும்பவும் கண்ணாடி மாதிரி ஆக்குகிற மெசினை ஓட்டுவது என் வேலை. மெசின் நல்ல கிழடு. புரொப்பேன் காஸில் ஓடுவது. நகரசபை புதிதாக ஒன்று வாங்கப்போகிறது. திரும்பவும் காஸா, இல்லை பற்றறியா என்று அவர்களுக்குள் இழுபறி. கொம்பனிக்காரன் பற்றறி மெசின் ஒன்றைக் கொஞ்ச நாளைக்கு இரவல் தருகிறான். இரண்டையும் ஓட்டிப் பார்த்து நான் எழுத வேண்டுமாம்.

"ரெண்டையும் ஓட்டப்போறவன் நீ ஒருத்தன்தான், பரா. உன்ர சொல்லைத்தான் கவுன்சிலிலை வைக்கப்போறன்" என்றார் டக்.

பரராசசிங்கம் என்ற என் பெயர் இந்த ஊரில் 'பரா' வரைக்கும்தான் ஓடும். அதற்கு மேல் இவர்களுக்கு மூச்சு வாங்கும். இவர்கள் இங்கிலிஷில் சொல்வதை நான் தமிழில் எழுதினால் எல்லாரும் என் ஊர்ப் பருத்தித்துறைக்காரர் ஆகிவிடுகிறார்கள். நான் என்ன செய்ய, எனக்குத் தெரிந்த தமிழ் அதுதான்.

அறிக்கையை இங்கிலிஷில்தான் தொடங்கினேன். 'புரொப்பேன் குட்' என்று எழுதினேன். வெகுநேரம் யோசித்து நடுவில் 'வெரி' என்று ஒன்றைச் சொருகினேன். ஊர்ப் பள்ளிக்கூடத்து ஓ.எல். பரீட்சையில் இங்கிலிஷை இரண்டு தரம் கோட்டை விட்டவனிடம் அறிக்கை கேட்டால் இதுதான் கிடைக்கும். ஆகவே கொப்பியின் முன்பக்கம் டக்குக்கு. பின்பக்கத்தில் இருந்து எனக்கு.

நவம்பர் 5, செவ்வாய்

பற்றறி மெசின் வந்து இறங்கியது. நீல நிறம். புதுமணப்பெண் மாதிரி ஒரு மினுக்கம்.

புது வாகனத்தை வெறுமனே ஓட்ட மனம் வரவில்லை. ஊரில் உள்ள ஒரே கடைக்குப் போய் நாலு தேசிக்காய் வாங்கி வந்து நாலு சில்லுக்கும் கீழே வைத்தேன். டக் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். அவருடைய தகப்பனாரும் புதுப் படகுக்கு விஸ்கி ஊற்றுவாராம்.

நான் யோசிக்காத விஷயம், ஐஸ் மெசினின் சில்லில் இரும்பு ஆணி இருக்கிறது என்பது. தேசிக்காய் நசிந்து ஆணிகளுக்குள் புகுந்து, என்னோடேயே ஐஸுக்குள் வந்து, போன வழியெல்லாம் தன்னைத் தெளித்துக்கொண்டு வந்தது. அதற்கு மேலே சுடுதண்ணீரும் பூசிவிட்டேன். இப்போது கோல் கம்புக்குக் கிட்ட ஒரு தேசிக்காய் விதை உறைந்துபோய்க் கிடக்கிறது, கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த நகை மாதிரி.

"இதைக் கவுன்சிலுக்கு எழுதாதை" என்றார் டக்.

இன்னொன்று. திறப்பைப் போட்டுத் திருப்பினேன், ஒன்றும் நடக்கவில்லை. செத்துப்போச்சு என்று இன்னொரு தரம் திருப்பப் போனேன். கொம்பனிக்காரன் என் கையைப் பிடித்தான். "ஐயா, அது ஓடிக்கொண்டுதான் நிக்குது."

நவம்பர் 7, வியாழன்

உண்மையைச் சொன்னால் எனக்குக் கறண்டில் நம்பிக்கை கிடையாது. வருஷக்கணக்காகக் கறண்ட் இல்லாத ஊரில் குடும்பம் நடத்தினவன் நான். சண்டைக் காலத்தில் மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டினோம். இரண்டு சொட்டுப் பெற்றோலைக் காட்டி அதை ஏமாற்றி எழுப்பிவிட்டு, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. அந்தப் புகையில் தலை இடிக்கும். தலை இடித்தால் சைக்கிள் ஓடுகிறது என்று அர்த்தம்.

காஸ் அப்படித்தான். சிலிண்டரைத் தூக்கிப் பார்த்தால் எவ்வளவு மிச்சம் என்று கைக்குத் தெரியும். முடிந்தால் கழற்றிவிட்டு வேறொன்றைப் பூட்டு, ஐந்து நிமிஷ வேலை. பற்றறியில் தூக்கிப் பார்க்க என்ன இருக்கிறது? ஒரு இலக்கம் எரிகிறது. அந்த இலக்கம் சொல்வதை நான் நம்ப வேண்டும்.

அரீனாச் சுவரில் புகையை வெளியே தள்ள ஒரு பெரிய காற்றாடி இருக்கிறது. காலமையில் நான் தனியாக நிற்கும்போது அதை நிற்பாட்டிவிடுவேன். ஒரு ஆளுக்கு எதற்கு அவ்வளவு கறண்ட்? வீட்டிலும் நான் அப்படித்தான். நான் ஒவ்வொரு அறையாக லைற்றை நூர்த்துக்கொண்டு போக, பின்னால் என் மனுசி சறோ ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு வருவாள். "மனுசர் இருக்கிற வீடெண்டு தெரியவேண்டாமோ?" என்பாள்.

சறோ போய் மூன்று வருஷம் ஆகிறது. இப்போது நான் நூர்த்தால் நூர்த்தபடிதான்.

நவம்பர் 8, வெள்ளி

தலையிடி. தைலம் பூசினேன்.

நவம்பர் 10, ஞாயிறு

மிதுஷா போன் எடுத்தாள். ஒரே மகள். புருஷனோடு மார்க்கம் என்ற நகரத்தில் இருக்கிறாள், இங்கிருந்து ஆறு மணித்தியால ஓட்டம்.

"அப்பா, அந்த ஊரிலை உங்களுக்கு ஆர் இருக்கினம்?"

"டக் இருக்கிறார். கன்ரீனிலை லொறெயின் இருக்கிறா. பிறகு ஹொக்கி ரீம் எல்லாம் இருக்கு."

"தமிழ் ஆக்கள்?"

"நான் இருக்கிறன்."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. "எங்கட வீட்டுக் கீழறை சும்மா கிடக்கு. வந்து இருங்கோ எண்டு எத்தினை தரம் சொல்லிப்போட்டன். அம்மா செத்தவுடனை வீட்டைப் பூட்டிப்போட்டு ஏதோ ஒளிக்கிற மாதிரி அங்கை போயிட்டீங்கள்."

"ஐஸ் உருகட்டும், யோசிப்பம்" என்றேன். போன வருஷமும் அதைத்தான் சொன்னேன். ஐஸ் உருகியது.

சனிக்கிழமை வருகிறாளாம். கிரிஷாந்துக்கு வேலை, அதனால் தனியாக. "ஒரு விசயம் கதைக்கோணும். போனிலை வேண்டாம், நேரிலை" என்றாள்.

என்ன விஷயமாக இருக்கும்? கீழறைக்குப் பெயின்ற் அடித்திருப்பாள். நிறத்தைச் சொல்லி மனதை இளக்கப் பார்ப்பாள்.

நவம்பர் 12, செவ்வாய்

நாலு மணிப் பூச்சைப் பற்றறி மெசினில் செய்தேன். மூலைகளில் நன்றாகத் திரும்புகிறது. தண்ணீர் ஒரே சீராக விழுகிறது. குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்ற ஹொக்கிச் சின்னதுகள் என்னைப் பார்த்துச் சிரித்தன.

இறங்கி வந்தால் லொறெயின் கோப்பியை நீட்டிக்கொண்டே கேட்கிறாள்: "ஆரோடை கதைச்சனீ?"

"கதைக்கேல்லை. பாட்டு."

"பாட்டெண்டால் இடையிலை நிப்பாட்டி, தலையாட்டிப்போட்டுத் திரும்பத் தொடங்குவியோ?"

"அது பழைய பாட்டு" என்றேன்.

முன்பக்கத்தில் எழுதினேன்: 'பற்றறி: சத்தம் காணாது. இன்னும் வேண்டும்.' டக் அதை வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "முப்பது வருசமாய் மெசின் சத்தம் எண்டு முறைப்பாடு வாங்கிறன், பரா. சத்தம் காணாதெண்டு எழுதின முதல் மனுசன் நீதான்."

"பிள்ளையள் குறுக்கை வந்தால் ஆபத்தெல்லோ" என்றேன்.

"மெசின் உள்ளுக்கை நிக்கேக்கை பிள்ளையளை ஆர் ஐஸிலை விடுறது?"



நவம்பர் 13, புதன்

டக் என்னைப் பக்கத்து ஊர் அரீனாவுக்கு அனுப்பினார். அங்கே இருப்பது பழைய மாதிரிப் பற்றறி, கார் பற்றறியின் பெரியண்ணன்மார் ஒரு வரிசையாக. ஓட்டுகிற கோர்டி ஒவ்வொரு கிழமையும் மூடிகளைத் திறந்து வடித்த தண்ணீர் ஊற்றுகிறான், குழந்தைக்குச் சங்கில் பால் பருக்குகிற மாதிரி. இரவிரவாகக் கறண்ட் ஏற்ற வேண்டும். பின்னேரக் கடைசிப் பூச்சுக்குள் மெசின் களைத்துப்போய் ஊரும் என்றான். எனக்குச் சந்தோஷம். இரண்டு பக்கம் எழுதிவிட்டேன்.

டக் அதையும் வாசித்தார். "நாங்கள் வாங்கப்போறது இந்தப் பற்றறி இல்லையே. புதுசு லித்தியம். தண்ணியும் வேண்டாம், ஒரு ஹொக்கி மச் முடியிறதுக்கிடையிலை கறண்ட் ஏத்தியும் போடலாம். உனக்கு அந்தக் காஸ் மெசினோடை என்ன காதல்?"

நவம்பர் 14, வியாழன்

இன்று முழுக்கக் காஸ். நிம்மதி.

ஒவ்வொரு பூச்சும் பத்து நிமிஷம். மிதுஷா வருவதைச் சறோவுக்குச் சொன்னேன். என்ன கறி வைக்கலாம் என்று கேட்டேன். எஞ்சின் இரைச்சலுக்குள் மறுமொழி கேட்காது, அது ஒரு வசதி. ஏதோ சொல்லியிருப்பாள், எனக்குத்தான் கேட்கவில்லை என்று அடுத்த சுற்றுக்குப் போய்விடலாம். பற்றறி மெசினில் அப்படி இல்லை. மறுமொழி வராதது தெளிவாகக் கேட்கும்.

இதை இங்கிலிஷில் எப்படி எழுதுவது?

திரும்பவும் தலையிடி. இரவுச் சாப்பாடு வேண்டியிருக்கவில்லை.

நவம்பர் 15, வெள்ளி

வீடு கூட்டினேன். சமையலறை லைற் இரண்டையும் மாற்றினேன். கடையில் விளைமீன் மாதிரி ஒன்று பெட்டிக்குள் விறைத்துக் கிடந்தது, வாங்கினேன். பழப்புளி போனமுறை மிதுஷா தந்தது இருக்கிறது.

நவம்பர் 16, சனி

பிள்ளை வந்துவிட்டாள். மெலிந்திருக்கிறாள்.

மீன் குழம்பு கொதிக்கும்போதுதான் உள்ளே வந்தாள். வாசலில் நின்று ஒருதரம் மூச்சை இழுத்தாள், சப்பாத்தோடேயே குளியலறைக்கு ஓடினாள். நான் சட்டியை மணந்து பார்த்தேன். மீனில் ஒரு பிழையும் இல்லை. தேத்தண்ணியும் வேண்டாமாம். வெறும் பிஸ்கற் நாலைச் சாப்பிட்டுவிட்டுக் கதிரையிலேயே நித்திரை. தூர ஓட்டம், பாவம். குழம்பை நான் ஒருவனாகச் சாப்பிட்டேன்.

எழும்பினதும் "விசயம் எண்டனீ?" என்று கேட்டேன்.

"நாளைக்குச் சொல்லுறன் அப்பா. இப்ப வயித்தைப் பிரட்டிச் சத்தி வருது."

கீழறை நிறம் சத்தி வருகிற நிறமாக்கும்.

காலமை என்னோடு அரீனாவுக்கு வருகிறாளாம், மெசின் ஓடுவதைப் பார்க்க. இத்தனை காலத்தில் முதல் தரம். காஸ் மெசினைத்தான் காட்ட வேண்டும். அதுதான் என்னுடையது.

நவம்பர் 17, ஞாயிறு

ஆஸ்பத்திரியில் இருந்து எழுதுகிறேன். கொப்பி ஜக்கெற் பையில் இருந்தது.

காலமை அரீனாவில் நாங்கள் இரண்டு பேரும்தான். பின்னேரம் ஹொக்கி ரூர்னமென்ற். அதனால் ஐஸை ஆழமாகச் சீவி, திரும்பத் திரும்பப் பூச வேண்டியிருந்தது. வெகுநேர வேலை. மிதுஷா கண்ணாடிக்குக் கிட்ட, கீழ் வரிசையில் இருந்தாள். ஒவ்வொரு சுற்றிலும் கை காட்டினேன், அவளும் காட்டினாள். நான் கொஞ்சம் வேகமாகவும் ஓட்டினேன். அம்பத்தாறு வயதில் மகளுக்கு ஸ்ரைல் காட்டினேன் என்பதுதான் சரி.

ஒரு சுற்றில் அவள் கை காட்டவில்லை. கம்பியில் தலையைச் சாய்த்திருந்தாள். நித்திரையாக்கும் என்று இன்னொரு சுற்றுப் போனேன்.

லொறெயின் கன்ரீன் திறக்க வந்தவள் வாசலிலேயே கத்தினாள்: "காத்தாடி ஏன் நிக்குது? பரா! ஏன் காத்தாடி நிக்குது?"

அவள்தான் பெரிய கதவைத் திறந்துவிட்டாள். நான் இறங்கி ஓடி மிதுஷாவின் ஒரு கையைப் பிடிக்க, அவள்தான் மற்றக் கையைப் பிடித்து வெளியே கொண்டுவந்தாள். பனிக்குள் வந்ததும் பிள்ளை சத்தி எடுத்தாள். என்னைப் பார்த்து, "அப்பா, உங்கட முகம் ஏன் இப்பிடிச் சிவந்திருக்கு?" என்றாள். பிறகுதான் என் கால்களும் சரியில்லை என்று எனக்குத் தெரிந்தது.

கார்பன் மொனொக்சைட். மணம் இல்லாத புகையாம். இரண்டு பேருக்கும் மாஸ்க் போட்டு ஒக்சிஜன் தந்தார்கள், பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில். இரத்தம் எடுத்துப் பார்த்த நேர்ஸ் என்னிடம் வந்தாள்.

"நீ ஒரு நாளைக்கு எத்தினை சிகரெற் பத்துறனீ?"

"பத்திறேல்லை."

"உண்மையைச் சொல்லு, நான் உன்ர மனுசி இல்லை."

"உண்மையாய் இல்லை" என்றேன். அவள் தாளைத் திரும்பப் பார்த்தாள். "அப்ப, கன நாளாய்த் தலையிடி இருக்குமே?"

அந்தத் தலையிடிக்குக் குளிர் என்றும், வயது என்றும், பருத்தித்துறை மண்ணெண்ணெய் என்றும் நான் வைத்திருந்த பெயர்கள் எல்லாம் வரிசையில் வந்து நின்றன.

பிறகு அவள் மிதுஷாவின் பக்கம் திரும்பி, "கர்ப்பமாய் இருக்கிறியோ?" என்று கேட்டாள். எல்லாப் பெண்களிடமும் கேட்கிற கேள்விதான்.

"ஓம்" என்றாள் மிதுஷா. "பதினொரு கிழமை." அதைச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள்.

என் முகத்தில் மாஸ்க் இருந்தது. நல்லதாய்ப் போயிற்று.

நேர்ஸ் ஓடிப்போய் டொக்டரைக் கூட்டிவந்தாள். சின்னக் கருவி ஒன்றைப் பிள்ளையின் வயிற்றில் வைத்துத் தேடினார்கள். ஒரே இரைச்சல். தேடினார்கள். நான் மாஸ்கைக் கழற்றிவிட்டேன், என் மூச்சுச் சத்தம் இடைஞ்சலாக இருக்கும் என்று. பிறகு கேட்டது. எவ்வளவு வேகம்! சின்ன எஞ்சின் ஒன்று, சரியான சுருதியில் ஓடுகிற மாதிரி.

"இப்ப நல்லாய்த்தான் இருக்கு" என்றார் டொக்டர். ஒக்சிஜன் இன்னும் கன நேரம் வேண்டுமாம். மூன்று கிழமையில் ஸ்கான் எடுத்துப் பார்த்தால்தான் நிச்சயமாகச் சொல்லலாமாம். என்னை மாஸ்கைப் போடச் சொல்லி அதட்டினார்.

பின்னேரம் மிதுஷா கேட்டாள்: "ஏன் காத்தாடியை நிப்பாட்டினீங்கள்?"

"ரெண்டு பேருக்கு எதுக்குக் கறண்டை வீணாக்குவான் எண்டு..."

அவள் சிரிக்கத் தொடங்கினாள். சிரிப்பு நடுவழியில் வேறு மாதிரி ஆயிற்று. "அம்மா இருந்திருந்தால் பின்னாலை வந்து போட்டிருப்பா" என்றாள்.

நவம்பர் 18, திங்கள்

டக்கிடம் போய், காற்றாடியை நிற்பாட்டியது நான்தான், ஒரு நாள் அல்ல, தினமும், என்று சொன்னேன். வேலை போகும் என்று நினைத்தேன். அவர் எழும்பித் திறப்புகளை எடுத்தார். பிறகு, "அந்த மெசினிலும் பிழை இருக்கு, வெளிக்கதவுக்குக் கிட்ட மட்டும் புகைக்கு அலாரம் வைச்ச என்னிலும் பிழை இருக்கு" என்றார். காஸ் மெசினைக் கொட்டிலுக்குள் விட்டுப் பூட்டினார்.

"இதையும் எழுதாமல் விடட்டோ?" என்று கேட்டேன்.

"இதை எழுது."

நவம்பர் 20, புதன்

மிதுஷா இன்னும் இங்கேதான். கிரிஷாந்தும் வந்துவிட்டான். நாளைக்கு இருவரும் போகிறார்கள்.

நாலு மணிப் பூச்சு. பற்றறி மெசின் மட்டும்தான் இப்போது. மிதுஷா மேல் வரிசையில் இருந்தாள், காற்றாடி ஓடியது. நான் வாயை இறுக்க மூடிக்கொண்டு ஓட்டினேன். சீவுகிற கத்தி ஐஸில் உரசுவது கேட்டது. தண்ணீர் விழுவது கேட்டது. பத்து நிமிஷம் இவ்வளவு நீளம் என்று எனக்கு இவ்வளவு காலமும் தெரியாது.

இறங்கினதும் மிதுஷா வந்தாள். "ஏன் பேசாமல் ஓடுறீங்கள்? நீங்கள் பாடுவீங்களெண்டு லொறெயின் சொன்னா."

"தொண்டை சரியில்லை."

"அம்மாவோடைதானே, அப்பா?"

நான் ஆணிச் சில்லில் ஒட்டியிருந்த ஐஸைத் தட்டினேன். தட்ட அவ்வளவு ஐஸ் இருக்கவில்லை.

"நானும் கதைக்கிறனான்" என்றாள். "காருக்குள்ளை. கிரிஷாந்துக்குத் தெரியாது. ரேடியோவைப் பெரிசாய்ப் போட்டிட்டுத்தான்."

"என்ன கதைப்பனீ?"

"கூடுதலாய் உங்களைப் பற்றிக் கோள்தான்."

நவம்பர் 24, ஞாயிறு

முன்பக்கத்தைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினேன். லொறெயின் எழுத்துப்பிழை திருத்தினாள். காஸ் பலமானது, சட்டென்று நிரப்பலாம், எந்தக் குளிருக்கும் எழும்பும். ஆனால் அது மூச்சு விடுகிற அறையில்தான் பிள்ளைகளும் மூச்சு விடுகிறார்கள். காற்றாடி ஓடினால் பயமில்லை என்பார்கள். என்னைப் போல ஒருவன் காற்றாடியை நிற்பாட்டுவான் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். லித்தியம் பற்றறிக்கு விலை கூட, கடும் குளிரில் வெளியே விட்டால் இலக்கம் இறங்கும், உள்ளே வைத்தால் சரி. ஒருவன் மறந்தாலும் மற்றவன் சாகமாட்டான்.

'சத்தம் காணாது' என்ற வரியை எடுத்துவிட்டேன்.

டிசம்பர் 3, செவ்வாய்

கவுன்சில் கூடியது. பற்றறி.

டிசம்பர் 8, ஞாயிறு

காலமையில் இருந்து போனைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மிதுஷாவுக்கு வெள்ளிக்கிழமை எடுத்த ஸ்கானைப் பெரிய டொக்டர் பார்த்துச் சொல்ல வேண்டும் என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை எந்த டொக்டர் பார்ப்பான் என்று எனக்கு நானே சொன்னேன். உடுப்புத் தோய்த்தேன். தோய்த்ததைத் திரும்பவும் தோய்த்தேன்.

பின்னேரம் எடுத்தாள். "அப்பா, எல்லாம் சரியாம். தலை, இருதயம், கை, கால், எல்லாம் சரியாம். நேற்றே மெசேச் வந்திருக்கு, நான்தான் பார்க்கேல்லை."

"நல்லாய் எண்ணிப் பார்த்தவங்களோ, விரலெல்லாம்?"

"எண்ணினவங்கள். ஆனியிலை பிறக்கும். எப்ப வாறீங்கள்?"

"சித்திரையிலை ஐஸை உருக்கினவுடனை."

"போன வருசமும் இதைத்தான் சொன்னீங்கள்."

"இந்த முறை சொல்லுறது வேறை ஆள்" என்றேன். அவளுக்கு விளங்கியதோ தெரியாது. கீழறைக்கு என்ன நிறம் அடித்திருக்கிறது என்று கேட்டேன். இன்னும் அடிக்கவே இல்லையாம்.

போனை வைக்கிறதுக்கு முன்னால், "அம்மாட்டைச் சொல்லிப்போட்டீங்களோ?" என்று கேட்டாள்.

"நாளைக்குச் சொல்லுறன். நாலு மணிக்கு."

டிசம்பர் 9, திங்கள்

நாலு மணிக்குத் திறப்பைத் திருப்பினேன். ஒரு சத்தமும் இல்லை, ஆனாலும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. இந்த மெசினுக்குக் காற்றாடி தேவையில்லை. இருந்தாலும் போட்டிருந்தேன், ஓடட்டும்.

இரண்டாம் சுற்றில் கோல் கம்புக்குக் கிட்டத் திரும்புகிற இடத்தில் சொன்னேன். "சறோ, பிள்ளைக்குப் பிள்ளை. ஆனியிலை. எல்லாம் சரியாம்."

கொஞ்சம் பலமாகச் சொல்லிவிட்டேன் போல. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்ற சின்னதுகள் சிரிப்பை விட்டுவிட்டுப் பார்த்தன. லொறெயின் கன்ரீன் ரேடியோவைக் குறைப்பது தெரிந்தது.

மறுமொழி வரவில்லை. வராதது இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் நன்றாகக் கேட்டது. நான் கத்தியை இறக்கி, தண்ணீரைத் திறந்துவிட்டு, மிச்சத்தைச் சொல்ல அடுத்த சுற்றுக்குப் போனேன்.